தேசங்கள் தேவனுக்கு எதில் கணக்குக் கொடுக்கும்?

தம்பி, கடலூர் முதுநகர் வாலிபர் கூடுகையில் எழுந்த விவாதத்தை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இஸ்ரவேல், தேவன் தெரிந்துகொண்ட ஜனம். மோசே வழியாக அவர்களுக்கு நியாயப்பிரமாணம் என்னும் கட்டளைகளைக் கொடுத்தார், மீறினபோது தண்டித்தார். அது புரிகிறது. நியாயப்பிரமாணமே கொடுக்கப்படாத எகிப்தையும் அசீரியாவையும் எதை வைத்து நியாயந்தீர்த்தார்? இன்றைக்கு இந்தியாவோ பிரான்சோ அவருக்கு எதில் கணக்குக் கொடுக்க வேண்டும்? சுனாமி வந்தபோது ‘இது தேசத்தின் பாவத்துக்கு வந்த தண்டனை’ என்று சிலர் மேடையில் பிரசங்கித்தார்களே, அது சரிதானா? எண்ணிக்கையில் சிறிய நம் சபைகளுக்கு இதில் என்ன வேலை?

நேரடியாகவே சொல்கிறேன். ஒரு தேசம் எந்த மதத்தின் பெயரைச் சூடிக்கொண்டிருக்கிறது என்பதிலிருந்து தேவன் கணக்கைத் தொடங்குவதாக நான் வேதத்தில் காணவில்லை. தம் சாயலில் உண்டாக்கின மனிதனை, அதிலும் எதிர்த்து நிற்கப் பலமில்லாதவனை, அந்தத் தேசம் என்ன செய்தது என்றுதான் அவர் முதலில் கேட்கிறார். தம்மை அதிகம் அறிந்திருந்த தேசத்திடம் அதிகம் கேட்கிறார். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு வழி திறக்கும்.

தேசங்களைப் பற்றிப் பேசும்போது பலர் பாபேல் கோபுரத்தில் தொடங்குகிறார்கள். அதற்கு இரண்டு அதிகாரம் முன்னால் போக வேண்டும். ஆதியாகமம் 9இல் ஜலப்பிரளயம் வடிந்தபின் நோவாவோடும் அவனுக்குப் பின்வரும் சந்ததியோடும் தேவன் உடன்படிக்கை பண்ணுகிறார். அப்போது இஸ்ரவேல் இல்லை, ஆபிரகாமும் பிறக்கவில்லை. பூமியில் அன்றிருந்த மனிதர் எல்லாரோடும் செய்த உடன்படிக்கை அது. மனிதனுடைய உயிருக்காக மனிதனிடத்தில் கணக்குக் கேட்பேன் என்கிறார். மனிதன் தேவசாயலில் உண்டாக்கப்பட்டவன் என்று காரணமும் சொல்கிறார். யூத ரபிமார் இதிலிருந்து மனுக்குலம் முழுவதற்கும் ஏழு கட்டளைகள் உண்டு என்று தொகுத்தார்கள். தால்முட் என்னும் அவர்களுடைய போதனைத் தொகுப்பில் வரும் அந்த ஏழில் ஒன்று, நீதிமன்றங்களை ஏற்படுத்த வேண்டும் என்பது. நியாயப்பிரமாணம் கொடுக்கப்பட்ட சீனாய் மலைக்கு வராத ஜனத்துக்கும் நியாயம் விசாரிக்கும் கடமை உண்டு என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். பவுலும் ரோமர் 2இல் நியாயப்பிரமாணமில்லாத ஜனங்களின் மனச்சாட்சி அவர்களுக்குள்ளே சாட்சியிடுகிறது என்கிறார்.

அடுத்து 10ஆம் அதிகாரம். பெயர்ப்பட்டியல் என்று வாசிக்காமல் தாண்டிவிடுகிறோம். நோவாவின் மூன்று குமாரரிடமிருந்து பிரிந்த எழுபது ஜனங்களை, ‘அவரவர் பாஷை, அவரவர் தேசம்’ என்று அது வரிசைப்படுத்துகிறது. அந்தப் பட்டியலில் இஸ்ரவேலின் பெயரே இல்லை. தேசங்களெல்லாம் நின்ற பிறகே 12ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் அழைக்கப்படுகிறான். பூமியின் வம்சங்களெல்லாம் அவனுக்குள் ஆசீர்வதிக்கப்படும் என்பதற்காகவே அழைக்கப்படுகிறான். உபாகமம் 2ஐயும் கூடவே வாசியுங்கள். கானானுக்குப் போகிற வழியில் ஏதோமின் நிலத்தில் ஓர் அடிகூட உங்களுக்குத் தரமாட்டேன், சேயீரை ஏசாவுக்குக் கொடுத்தேன் என்கிறார். மோவாபையும் அம்மோனையும் குறித்து அதையே சொல்கிறார், அவை லோத்தின் புத்திரருக்குக் கொடுத்தவை என்று. எகிப்திலிருந்து தங்களைக் கொண்டுவந்ததை இஸ்ரவேலர் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தபோது, பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் கொண்டுவந்தவரும் நான்தானே என்று ஆமோஸ் 9இல் கேட்கிறார். அத்தேனே பட்டணத்தில் நின்று பவுல் சொன்னதும் இதுதான்: சகல ஜனங்களையும் ஒரே இரத்தத்தினால் தோன்றப்பண்ணி, அவர்கள் காலங்களையும் குடியிருப்பின் எல்லைகளையும் குறித்தவர் அவர். நிலம் அவர் கொடுத்தது. அதனால்தான் கணக்கும் அவருக்கு.

இனி ஆமோஸின் முதல் இரண்டு அதிகாரங்களுக்கு வருகிறேன். இந்தப் பொருளைப் பற்றி ஒரே ஒரு பகுதியை வாசிக்க நேரமிருக்கிறது என்றால் இதையே வாசிக்கச் சொல்வேன். கி.மு. 8ஆம் நூற்றாண்டு, இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட செழிப்பான காலம். யூதாவின் தெக்கோவா ஊரில் மந்தை மேய்த்து, காட்டத்திப் பழம் பொறுக்கிப் பிழைத்த மனிதன், வடக்கே இஸ்ரவேலுக்குப் போய்ப் பேசுகிறான். முதலில் அயல்நாடுகளை ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றுகிறான். தமஸ்கு கீலேயாத்தை இருப்புக் கருவிகளால் போரடித்தது; களத்தில் கதிரை அடிக்கிறதுபோல ஜனத்தை அடித்தது என்று பொருள். காசா சிறைபிடித்த ஜனத்தை முழுதுமாக ஏதோமுக்கு ஒப்புவித்தது. தீருவும் அதையே செய்தது, அதுவும் சகோதரரின் உடன்படிக்கையை நினையாமல். ஏதோம் தன் சகோதரனைப் பட்டயத்தோடு பின்தொடர்ந்து, இரக்கத்தை அற்றுப்போகப் பண்ணியது. அம்மோன் புத்திரர் தங்கள் எல்லையை விரிவாக்கக் கர்ப்பிணிகளைக் கீறினார்கள். மோவாப் ஏதோமுடைய ராஜாவின் எலும்புகளைச் சுண்ணாம்பாகச் சுட்டது.

கடைசியில் சொன்னதை நிறுத்தி நிதானமாகப் பாருங்கள், தம்பி. மோவாபும் அந்நிய தேசம், ஏதோமும் அந்நிய தேசம். அந்தச் சண்டையில் இஸ்ரவேலுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. செத்துப்போன ஓர் அந்நிய ராஜாவின் உடலுக்கு இன்னொரு அந்நிய தேசம் செய்த அவமரியாதை அது. அதற்கும் கர்த்தர் கணக்குக் கேட்கிறார். தம் ஜனத்தைத் தொட்டதற்காகத்தான் தேவன் மற்றத் தேசங்களைத் தண்டிக்கிறார் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஒரு வசனம் போதும். இன்னொன்றும் கவனியுங்கள். இந்த ஆறு தேசங்களுக்கும் அவரவர் தெய்வங்கள் இருந்தன, அவரவர் விக்கிரகங்கள் இருந்தன. ஆனாலும் இந்தக் குற்றப்பத்திரிகையில் விக்கிரக ஆராதனை ஒரு வரிகூட இல்லை. யுத்தத்தில் கொடுமை, மனிதரை விற்றல், உடன்படிக்கை மீறல், தீராத பகை, எல்லைப் பேராசை, இறந்தவனை அவமதித்தல்: எந்த நியாயப்பிரமாணமும் வாசிக்காமலே தப்பு என்று எவனுக்கும் தெரிந்தவையே அங்கே குற்றங்கள்.

கேட்டுக்கொண்டிருந்த இஸ்ரவேலர் ஒவ்வொரு தேசத்தின் பெயருக்கும் தலையாட்டியிருப்பார்கள். வட்டம் சுருங்கி யூதாவுக்கு வருகிறது. யூதாவின் குற்றம் வேறு வகை: கர்த்தருடைய வேதத்தை வெறுத்தார்கள். வேதம் பெற்றவனிடம் வேதத்தைப் பற்றிக் கேட்கிறார். பிறகு வட்டத்தின் நடுப்புள்ளி. ‘அவர்கள் நீதிமானைப் பணத்துக்கும், எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கும் விற்றுப்போட்டார்களே.’ ஏழையிடம் அடைமானமாக வாங்கின வஸ்திரத்தை விரித்து அதன்மேல், அதுவும் பலிபீடத்தின் அருகே, படுத்துக்கொள்கிறார்கள் என்கிறான். அடைமானமாக வாங்கின போர்வையைச் சூரியன் அஸ்தமிக்குமுன் திருப்பிக் கொடு, அவன் வேறெதில் படுப்பான் என்று யாத்திராகமம் 22 சொல்லியிருந்தது. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அதனால்தான் இஸ்ரவேலுக்குச் சொன்ன குற்றச்சாட்டு மற்ற எல்லாவற்றையும்விட நீளமானது. அடுத்த அதிகாரம் காரணத்தை மூடாமல் சொல்கிறது: பூமியின் வம்சங்களுக்குள் உங்களைமாத்திரம் அறிந்துகொண்டேன், ஆகையால் உங்களைத் தண்டிப்பேன். தெரிந்துகொள்ளப்பட்டது சலுகை என்று எண்ணியிருந்தவர்களுக்கு இடி விழுந்ததுபோல இருந்திருக்கும்.

அப்படியானால் தேவனை அறிகிறதும் ஆராதிக்கிறதும் தேசங்களுக்கு அவசியமில்லையா என்று நீங்கள் கேட்கலாம். அவசியம்தான். தேவனை மறக்கிற ஜாதிகளைக் குறித்து 9ஆம் சங்கீதம் மிகக் கடுமையாகப் பேசுகிறது. எரேமியா பாபிலோனின் விக்கிரகங்களைப் பெயர் சொல்லித் தாக்குகிறான். தேசத்தின் மறதி எப்படி வளர்கிறது என்று பார்த்தால் இரண்டும் ஒரே வேரில் போய்ச் சேர்கின்றன. அரமனையின்மேல் உலாவி, ‘இது என் வல்லமையினால் நான் கட்டின மகா பாபிலோன்’ என்று சொன்ன நேபுகாத்நேச்சாருக்கு தானியேல் முன்பே கொடுத்த ஆலோசனை என்ன? ‘நீதியைச் செய்து உமது பாவங்களையும், சிறுமையானவர்களுக்கு இரங்கி உமது அக்கிரமங்களையும் அகற்றிவிடும்.’ தனக்கு மேலே ஒருவர் இல்லை என்று நினைக்கிற ஆட்சிக்குத் தனக்குக் கீழே இருக்கிறவன் மனிதனாகத் தெரியமாட்டான். சோதோமின் அக்கிரமம் என்ன என்று எசேக்கியேல் 16 சொல்வதையும் எடுத்துப் பாருங்கள்: கர்வம், ஆகாரத் திரட்சி, கவலையற்ற சுகம், எளியவனுடைய கையை அவள் பலப்படுத்தவில்லை. வயிறு நிறைந்த ஊரின் மெத்தனத்தையே அங்கே முன்னால் வைக்கிறார்.

தேவனை அறியாத அரசனையும் அவர் உபயோகிக்கிறார். பாரசீக ராஜா கோரேசு கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்து, சிறைப்பட்ட யூதரை ஊர் திரும்பவிட்டான். ‘நீ என்னை அறியாதிருந்தும்’ என்று ஏசாயா 45 அவனிடம் சொல்கிறது. அது எவ்வளவு உண்மை என்றால், கோரேசு விட்டுச்சென்ற களிமண் உருளைக் கல்வெட்டில் தன்னைத் தெரிந்துகொண்ட தெய்வம் பாபிலோனின் மர்தூக் என்றே எழுதிவைத்திருக்கிறான். அசீரியாவோ கர்த்தரின் கையிலிருந்த கோல். ஆனால் வெட்டுகிறவனைப் பார்த்துக் கோடரி மேன்மைபாராட்டலாமா என்று ஏசாயா 10 கேட்கிறது. கருவியாக இருந்ததனால் அசீரியாவின் கொடுமைக்கு மன்னிப்பு இல்லை. நினிவே கி.மு. 612இல் விழுந்தது. அதே நினிவே யோனாவின் நாளில் தன் கையிலிருந்த கொடுமையை விட்டுத் திரும்பினபோது தப்பியது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ஒரு ஜாதியைப் பிடுங்குவேன் என்று சொன்னபின்பும் அது திரும்பினால் நானும் மனஸ்தாபப்படுவேன் என்று எரேமியா 18 எந்தத் தேசத்துக்கும் கதவைத் திறந்து வைக்கிறது.

கானானியரை அழிக்கும்படி யோசுவாவுக்குக் கட்டளை கொடுத்தது நியாயமா என்று உங்கள் நண்பர் காரசாரமாகக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்வேன். கானானில் குடியிருந்த எமோரியருடைய அக்கிரமம் இன்னும் நிறைவாகவில்லை என்று ஆதியாகமம் 15இல் 400 ஆண்டுகள் பொறுத்தவர் அவர். அதே அக்கிரமத்தைச் செய்தால் நிலம் உங்களையும் கக்கிப்போடும் என்று லேவியராகமம் 18 இஸ்ரவேலை எச்சரித்தது. கி.மு. 722இல் சமாரியாவும் 586இல் எருசலேமும் விழுந்தபோது அதுவே நடந்தது. யோசுவாவுக்குக் கொடுத்த கட்டளையை இன்றைக்கு எந்தத் தேசமும் தனக்கென்று எடுத்துக்கொள்ள வேதத்தில் இடமில்லை. ‘பரிசுத்த ஜாதி’ என்று பேதுரு அழைப்பது சகல ஜனங்களிலிருந்தும் கூட்டிச் சேர்க்கப்பட்ட சபையை. எந்தக் கொடியின் கீழும் உள்ள அரசை அவர் அப்படி அழைக்கவில்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாம் குடியிருக்கிற இந்தக் கரையிலேயே தங்களைக் கிறிஸ்தவ தேசங்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் ஆண்டார்கள். ஆமோஸின் அளவுகோலை அவர்கள்மேலும் வைத்துப் பார்க்க வேண்டும். தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலில் கலக்கிற இடத்துக்கு அருகே புனித டேவிட் கோட்டையின் எச்சங்களைப் பார்த்திருப்பீர்கள். 1690இல் ஆங்கிலக் கம்பெனி அந்தக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியபோது, அங்கிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரையுள்ள ஊர்கள் எல்லாம் கம்பெனிக்கு என்பது பேரம். குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பெயரே வந்தது. அந்த ஊர்களில் உழுதுகொண்டிருந்தவனின் சம்மதத்துக்கு அந்தப் பேரத்தில் இடமில்லை. எல்லையை விரிவாக்கிய அம்மோனை நான் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து அந்தக் கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கினான். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. அவர்கள் அந்த நகரத்தை இடித்துத் தள்ளினார்கள். இரண்டு தரப்பும் ஒரே கிறிஸ்துவின் பெயரால் ஜெபித்தவர்கள். ஏதோமின் தீராத கோபம் என்று வேதம் சொல்வது இதைத்தான். அதற்கு முன், 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நாட்களில், பிரெஞ்சு ஆளுநர் துப்ளேயின் ஆட்சியில் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப்பிள்ளை தம் நாட்குறிப்பில் அதைப் பதிந்து வைத்திருக்கிறார். நம்மில் யாரும் அதற்கு விசுவாசத்தின் பெயரால் சாக்குச் சொல்லக்கூடாது. பிறருடைய ஆலயத்தைப் பலாத்காரமாக இடிக்கச் சொல்லி இயேசு எந்தச் சீஷனையும் அனுப்பவில்லை.

காசாவின் குற்றம் இன்னும் அருகே வருகிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் இந்தச் சோழமண்டலக் கரையிலிருந்து மனிதரை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். பஞ்சம் வந்த வருஷங்களில் சோற்றுக்காகத் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களும் அதில் இருந்தார்கள். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமைத்தனம் ஒழிந்ததும், புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக ரீயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் மர்த்தினிக்குக்கும் நம் ஜனம் போனது. கரும்புத் தோட்டத்தில் உழைத்துப் பலர் திரும்பாமலே மடிந்தார்கள். எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றார்கள் என்ற வசனத்தை அந்தத் துறைமுகங்களைப் பார்த்துக்கொண்டு வாசித்தால் உடம்பு நடுங்குகிறது. அந்தக் காலத்திலும் சாட்சி அற்றுப்போகவில்லை. தெற்கே தரங்கம்பாடியில் டேனிஷ் தளபதியை எதிர்த்து ஓர் ஏழைத் தமிழ் விதவைக்காகப் பேசினது காரணமாக, மிஷனரி சீகன்பால்கு 1708இல் தொடங்கி நான்கு மாதம் சிறையிலிருந்தார். சிறைவைத்ததும் கிறிஸ்தவ அரசுதான். தேசத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

சரி, சுனாமிக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, தாழங்குடா என்று மீனவர் தெருக்கள் அழுதன. அந்தக் குடும்பங்கள் சடலங்களைத் தேடிக்கொண்டிருந்த வாரத்தில் ‘பாவத்துக்குத் தண்டனை’ என்று பேசியது இரக்கமில்லாத பேச்சு மட்டுமல்ல, அது வேதத்துக்கே விரோதமான பேச்சு. வேளாங்கண்ணியில் அன்று அலை கொண்டுபோனவர்களில் எத்தனையோ பேர் மாதா கோயிலுக்கு வந்த யாத்திரிகர்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைப் பற்றி இயேசுவே இந்தக் கேள்வியை எழுப்பினார். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளா? ‘அப்படியல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன்’ என்றார். உடனே கேட்டவர்கள் பக்கம் திரும்பி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார். செத்தவனுடைய பாவத்தை ஆராய்கிற அதிகாரத்தை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

தீர்க்கதரிசிகள் பஞ்சத்தையும் வெட்டுக்கிளியையும் தேவனுடைய அழைப்பாகப் பேசவில்லையா? பேசினார்கள். ஆனால் தேவனிடமிருந்து வார்த்தை பெற்று, தங்கள் சொந்த ஜனத்திடம், தங்களையும் அந்த ஜனத்தோடு சேர்த்துக்கொண்டு பேசினார்கள். தானியேல் 9இல் குற்றமற்ற தானியேல், ‘நாங்கள் பாவஞ்செய்தோம்’ என்றே ஜெபிக்கிறான். கரையில் நின்று பக்கத்துக் குப்பத்தைச் சுட்டிக்காட்டியது அந்த வகையில் சேராது.

அந்தப் பேரழிவில் தேசத்துக்கு ஒரு கணக்கு இருந்தது உண்மை. அது வேறு இடத்தில் இருந்தது. கடல் பொங்கும் என்று இந்தக் கரைக்குச் சொல்ல அன்று எந்த ஏற்பாடும் இல்லை. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது. நிவாரணத்தில் தலித் மக்களும் இருளர்களும் ஒதுக்கிவைக்கப்பட்டதாக அப்போதே புகார்கள் எழுந்தன. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. மரத்துக்குச் சொந்தக்காரனுக்காவது நஷ்ட ஈடு கேட்க ஒரு மனு இருந்தது. அந்தத் தோப்பில் கூலிக்குக் கொட்டை பொறுக்கினவளுக்கு அதுவும் இல்லை. கையில் ஒன்றும் இல்லாதவளைத் தேசம் நினைத்ததா என்று கேட்கிற கேள்விதான் ஆமோஸின் கேள்வி. கொலையும் களவும் பெருகினதால் தேசம் புலம்பும், கடலின் மச்சங்களும் வாரிக்கொள்ளப்படும் என்று ஓசியா 4 சொல்கிறது. உப்பனாற்றில் தொழிற்சாலைக் கழிவு கலக்கிறது என்று கரையோர மீனவர்கள் எத்தனை காலமாக முறையிடுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். தேசத்தின் பாவத்தைப் பற்றிப் பிரசங்கிக்க விரும்புகிறவர் அந்த முறையீட்டைக் காதுகொடுத்துக் கேட்டுவிட்டுப் பிரசங்கிக்கட்டும்.

ரோமர் 13ஐப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதிகாரம் தேவனால் நியமிக்கப்பட்டது. நன்மைக்கென்று அது தேவ ஊழியம் செய்கிறது. ஊழியக்காரன் என்றாலே அவனுக்கு மேல் எஜமான் ஒருவர் உண்டு. அதே ரோம அரசைத்தான் வெளிப்படுத்தின விசேஷம் 13 மிருகமாகக் காட்டுகிறது என்று பெரும்பாலான வேத வல்லுநர்கள் வாசிக்கிறார்கள். ராஜாக்களைத் தள்ளி ராஜாக்களை ஏற்படுத்துகிறவர் அவர் என்பதற்குப் புதுச்சேரிக்காரர்கள் தூரம் போக வேண்டாம். 1954 அக்டோபர் 18இல் கீழூரில் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள், 170 பேர் இந்தியாவோடு சேர இசைந்தார்கள். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16இல். இரு நூற்றாண்டுக்கும் மேல் அசையாமல் நின்றதுபோலத் தெரிந்த அதிகாரம், யுத்தமில்லாமல் ஒரு வாக்கெடுப்பில் நகர்ந்தது. ஜாதிகள் ஏற்றச்சாலில் தொங்கும் துளிபோல எண்ணப்படுகிறார்கள் என்று ஏசாயா 40 சொல்வதை நம் பாட்டன்மார் கண்ணால் பார்த்தார்கள்.

நம் சபைகளின் வேலை என்ன என்ற கேள்விக்கு, முதலில் நாமே கூண்டில் ஏற வேண்டும் என்பேன். நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே துவங்கும் என்று பேதுரு எழுதினார். இந்த நாட்டில் வேதத்தை வீட்டில் வைத்திருப்பவர்கள் நாம். ஆகவே நாம் யூதாவின் இடத்தில் நிற்கிறோம், தமஸ்குவின் இடத்தில் இல்லை. தமிழ்நாட்டில் சில சபைகளில் இன்றும் சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இறந்தவனை அவமதித்ததற்காக மோவாபைக் கேட்டவர் நம்மைக் கேட்காமல் விடுவாரா? கொத்தடிமை முறையை இந்தியச் சட்டம் 1976இல் ஒழித்தது. ஆனாலும் முன்பணம் வாங்கின கடனுக்குச் செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் குடும்பத்தோடு கட்டுண்டு கிடக்கிற இருளர்களை மீட்ட செய்தி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. சபைக் கட்டட நிதிக்கு வாரிக் கொடுக்கிற ஒருவருடைய சூளையில் அப்படி ஒரு குடும்பம் இருக்குமானால், அந்தப் பணத்தில் எழும்பிய பீடம் ஆமோஸ் பார்த்த பீடம்தான். கேட்கத் துணிய வேண்டும், தம்பி. கணக்கர், மூப்பர், போதகர் யாராக இருந்தாலும் கேட்க வேண்டும்.

அரசைக் கிறிஸ்தவ அரசாக்கச் சொல்லிப் போராடும் வேலை நமக்குக் கொடுக்கப்படவில்லை. பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா 29 கொடுத்தது வேறு வேலை: பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள், அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும். வீடு கட்டி, தோட்டம் வைத்து, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே தேட வேண்டிய சமாதானம் அது. மனு எழுதத் தெரியாத குப்பத்து அம்மாவுக்கு மனு எழுதிக் கொடுக்கிறதும், கூலி நிறுத்திவைக்கப்பட்டவனோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகிறதும் அதில் அடங்கும். ஓட்டுக்குப் பணம் வாங்க மறுப்பதும் அடங்கும். பரிதானம், அதாவது லஞ்சம், ஞானிகளின் கண்களைக் குருடாக்கும் என்று உபாகமம் 16 சொல்லியிருக்கிறது.

ஞாயிறு ஆராதனையில் தேசத்துக்காக ஜெபிக்கிறோம். ஆளுகிறவர்களுக்காக விண்ணப்பம்பண்ணச் சொல்லி 1 தீமோத்தேயு 2 கற்பிக்கிறது, அதை விடக்கூடாது. ஆனால் பெரும்பாலும் ‘நம் தேசத்தை ஆசீர்வதியும், சத்துருக்களிடமிருந்து காத்துக்கொள்ளும்’ என்பதோடு முடித்துவிடுகிறோம். ஏசாயா 19இன் கடைசி வசனங்களை அந்த ஜெபத்துக்குள் கொண்டுவாருங்கள். இஸ்ரவேலை அடிமையாக்கின எகிப்தை ‘என் ஜனம்’ என்றும், இஸ்ரவேலை நொறுக்கின அசீரியாவை ‘என் கரத்தின் கிரியை’ என்றும் கர்த்தர் அங்கே அழைக்கிறார். நமக்கும் அப்படி ஒரு சோதனை அருகிலேயே இருக்கிறது. நம் கரையிலிருந்து போன மீனவர்களை இலங்கைக் கடற்படை கைதுசெய்தால் சபை முழங்காலில் நிற்கிறது, நிற்கத்தான் வேண்டும். அக்கரையில் யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர், இங்கிருந்து போகிற இழுவைப் படகுகள் தங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போவதாக வருஷக்கணக்காக அழுகிறார்கள். சகோதரரின் உடன்படிக்கையை நினையாமற்போன தீருவைப் பற்றி வாசித்த நாம், அவர்கள் பெயரையும் சேர்த்து ஜெபிக்க வேண்டும். ஜெபித்துவிட்டு, நம் சபையிலிருக்கிற படகுச் சொந்தக்காரர்களோடு அதைப் பற்றி உட்கார்ந்து பேசவும் வேண்டும். உங்கள் வாலிபர் கூடுகையில் அப்படிப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள், அவர்களோடு தொடங்கலாம்.